எனக்கொரு பிடி

என் வலது கை மூடியிருக்கிறது. அதற்குள் தளவாய் இருக்கிறார். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள், மனசுக்குள் சொன்னால் யார் காதில் விழப்போகிறது, அதுவும் இந்த ஊரில், காது என்று இருப்பதே இன்றைக்கு நாலுதான், அதில் இரண்டு கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது. தளவாய், தளவாய், தளவாய். ஒரு பிடி பச்சரிசியாக என் கைக்குள் இருக்கிறார். கை வேர்த்து அரிசி பிசுபிசுக்கிறது. விரலைத் தளர்த்தினால் பானைக்குள் விழுந்துவிடுவார். வருஷா வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டு முடித்திருப்பேன், இன்றைக்கு என்னவோ கை திறக்க மாட்டேன் என்கிறது. பானை பெரிய பானை. ஊர் மொத்தத்துக்கும் பொங்கிய வெண்கலப் பானை, ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். தலைக்கு ஒரு செம்புத் தண்ணீர், தலைக்கு ஒரு பிடி அரிசி. மூன்று செம்பு ஊற்றியிருக்கிறேன், குனிந்து எட்டிப் பார்த்தால்தான் அடியில் தண்ணீர் கிடப்பதே தெரிகிறது. பேராச்சிக்கு உண்டான பிடியை நான் போட்டுவிட்டேன். பேராச்சி என் கொழுந்தன் பெண்டாட்டி, ஓரகத்தி, இந்த மூணுகல்பட்டியில் என்னைத் தவிர்த்து மிச்சமிருக்கிற ஒரே ஆள். எனக்கு உண்டான பிடியை அவள் போட வேண்டும். போடாமல் போய்விட்டாள். தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். நெருப்பில்லாமல் பொங்கினாலும் பொங்கலாம், தன் பிடியைத் தானே போடக் கூடாது. பானையை இறக்கிவிட்டால் அதற்கப்புறம் யாரும் யாருக்கும் போட முடியாது. அதனால்தான் பருத்திமார் விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தீ அணையவும் கூடாது, சோறு வெந்துவிடவும் கூடாது. பேராச்சி மகன் இசக்கிராஜா திருப்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறான். தார் ரோட்டில் நின்று ஆரன் அடிப்பான், அவன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதற்குள் அவள் வர வேண்டும். வருவாள். வராமல் என்ன. என்ன பேச்சுப் பேசிவிட்டேன் நான்.

இந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் எரிகிறது. எங்கள் அம்மனுக்குச் சிலை கிடையாது, கோயில் கிடையாது, உடைமரத்தடியில் இந்த மூன்று அடுப்புக்கல்தான் அம்மன். வருஷம் முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு சும்மா கிடப்பாள், சித்திரைப் பொங்கலன்றைக்கு மட்டும் தலையில் பானையைச் சுமப்பாள். தாது வருஷத்துப் பஞ்சத்தில் மூன்று குடும்பங்கள் மேற்கேயிருந்து நடந்து வந்தார்களாம். வழியில் பாத்திரம் பண்டம், மாடு, தாலிப்பொட்டு எல்லாம் போய், யாரும் வாங்க மாட்டேன் என்று சொன்ன இந்தப் பானை மட்டும் மிஞ்சியதாம். அதற்குள் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் கம்பு கட்டி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஆக எங்கள் ஊரின் முதல் ஆள் பானைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் வந்து சேர்ந்தான், மற்ற ஊர்க்காரர்கள் யானை மேல் வந்தோம், குதிரை மேல் வந்தோம் என்று பீற்றிக்கொள்ளட்டும். ஓடைப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்ததால் இங்கே இறக்கினார்கள். ஆளாளுக்கு முந்தியிலும் தலைப்பாகையிலும் ஒளித்து வைத்திருந்த அரிசி வெளியே வந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கொட்டி, தலைக்கு ஒரு பிடி அள்ளிப் பானையில் போடுங்கள் என்று முடிவு. அங்கேதான் வந்தது வினை. தனக்கென்று அள்ளும்போது கை தானாகவே பெருத்துவிட்டது. ஒருத்தன் கை பெருத்ததை இன்னொருத்தன் பார்த்துவிட்டான். கல்லைத் தூக்கி ஒருத்தன் மண்டையை உடைத்தான். ஊறியிருந்த தண்ணீர் பானைக்கே சரியாகிவிட்டது, ரத்தம் கழுவ மிச்சமில்லை. அப்போதுதான் பொம்பளைகள் மூன்று பேரும் ஆம்பளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இனிமேல் யாரும் தனக்குத் தான் அள்ளக் கூடாது, உனக்கு நான், எனக்கு நீ என்றார்கள். மண்டையை உடைத்த கல்லும் இந்த மூன்றில் ஒன்று. வடக்கே இருப்பதுதான் அது என்பார்கள், கிழக்கே இருப்பது என்றும் சொல்வார்கள். நான் வடக்குக் கல்லுக்குத்தான் முதல் மஞ்சள் பூசுகிறேன், கோபக்காரக் கல்லை முதலில் தாஜா பண்ணிவிட வேண்டும். இத்தனையும் எனக்குச் சொன்னது யார் என்று யோசிக்கிறேன். மாமியாரா, கல்யாணமான புதிதில் ஓடையில் துணி துவைக்கும்போது பொம்பளைகள் பேசியதா. சொன்னவர்கள் யாரும் இல்லை. கேட்ட நான் இருக்கிறேன். நான் சொல்லக் கேட்பதற்குக் கோழிதான் இருக்கிறது, அதுவும் பேராச்சி கோழி, அவளுடைய ஆட்டையெல்லாம் விற்றுவிட்டுக் கோழியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாள், சூ, போ அங்கே, அரிசி இருக்கிற நார்ப்பெட்டியில் வாயை வைக்காதே.

நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் இந்தப் பானை வழிந்தது. தண்ணீரும் அரிசியும் கழுத்துவரை நிற்கும், நுரை கிளம்பினால் எல்லோரும் குலவை போடுவார்கள், எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் மழை. அரிசி போட்டு முடிக்கவே வெயில் உச்சிக்கு வந்துவிடும். ஒவ்வொரு பேராகக் கூப்பிட வேண்டும், அவருக்கு யார் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அதற்குள் ஆயிரம் சண்டை. வருஷம் பூராவும் மனசுக்குள் வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குக் கையில் தெரிந்துவிடும். வாய்க்கால் தகராறு இருந்தால் பிடி சிறுத்துவிடும். கடன் கேட்கப் போகிறவன் பிடி பெருத்துவிடும். என் மாமியார் எனக்குப் போடப் பெட்டிக்குள் கையை விட்டாள். மூன்று விரலால் அள்ளினாள், காது குடைகிற மாதிரி. சுற்றி நின்ற பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது இவர் வந்தார். ஆம்பளைகள் பக்கம் நின்றவர் நேராக வந்து, அம்மா நீ நகரு என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அள்ளினார். இரண்டு கையாலும். சிந்தச் சிந்த. "ஏலே தளவாய், ஒத்தப் பிடிதாம்ல கணக்கு! ஒம் பொண்டாட்டி ஒருத்தியா ரெண்டு பேரா?" என்று யாரோ கத்தினார்கள். இவர் திரும்பிப் பார்த்து, "ஒருத்திதான். எங்கை சின்னக் கை" என்றார். பெரிய கை அவருக்கு. கடப்பாரை பிடித்துக் காய்ந்த கை, உள்ளங்கை மண்வெட்டி மாதிரி இருக்கும். அன்றைக்கு அவர் போட்ட அரிசி விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். மழை பெய்யத் தொடங்கும்போது தகரத்தில் விழுமே, அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை எத்தனை வருஷம் ஓட்டுவாள். நான் ஓட்டினேன். பேராச்சி கேட்டால் சிரிப்பாள், அவளுக்குக் கல்யாணத்தன்றைக்கே இவர் தம்பி குடித்துவிட்டு வந்தான்.

தீ குறைந்துவிட்டது, ஒரு மாரை உள்ளே தள்ளு. ரொம்ப இல்லை, ஒன்று. பேராச்சி வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே தகரப்பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்கிறது. அந்தப் பெட்டியில் என்னத்தைப் போட்டு அடைக்கிறாளோ. அவள் வீட்டுக்கு அடுத்த வீடு கூரையில்லை, அதற்கடுத்தது சுவரில்லை, அதற்கடுத்தது என்று ஒன்று இருந்தது, இப்போது வேலிக்கருவை. யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. போகிறேன் என்று சொன்னால் பிடி விட்டுப்போகும் என்று பயம். எல்லோரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறோம், பனியன் கம்பெனிக்குப் போகிறோம், மழை பெய்ததும் வந்துவிடுவோம் என்றுதான் போனார்கள். எங்களுக்கும் போட்டுருங்க என்றார்கள். நாங்களும் போட்டோம். ஓடை மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனபோதும், கிணற்றுத் தண்ணீர் உப்பாகி ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இல்லையென்று பூட்டியபோதும் போட்டோம். ஊரில் இருந்தது கொஞ்சம் பேர், பானையில் இருந்தது ஊர் முழுக்க. அப்புறம் ஒவ்வொருத்தராக அங்கே வீடு கட்டினார்கள், பால் காய்ச்சினார்கள். பத்திரிகை வரும். வேறு ஊரில் அடுப்புக் கூட்டிவிட்டால் இங்கே பிடி கிடையாது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு குடும்பத்தின் தண்ணீர் இறங்கியது. சாவுக்கு இறங்கியதைவிடப் பால்காய்ச்சுக்கு இறங்கியதுதான் அதிகம். பானை வழிவது நின்றது, அப்புறம் பாதியாயிற்று, அப்புறம் அடி தெரிந்தது. இப்போது கொதிக்கிற சத்தம் வெற்றுப் பானைக்குள் எதிரொலிக்கிறது, கிணற்றுக்குள் யாரோ பேசுகிற மாதிரி. குனிந்தால் கேட்கிறது. குனிய வேண்டாம். முன்பு ஒரு டீச்சரம்மா வந்தார்கள், சின்னப் பெண், ஜனத்தொகை எடுக்க. வேலிக்கருவையில் சேலை கிழிந்து, வியர்த்து வழிந்து வந்து நின்றார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ரெண்டு என்றேன். இன்னொருத்தர் எங்கே என்றார்கள். வெளியூர் போயிருக்காக என்றேன். எப்ப வருவாங்க என்றதும் நான் மோர் எடுக்க உள்ளே போய்விட்டேன். வெளியே வந்தபோது ஒருத்தர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று கேட்டேன். நீங்கதானே இருக்கீங்க, உங்களைத்தான் எழுதினேன் என்றார்கள். கவர்மெண்டில் அப்படி. நான் இருக்கிறேன் என்று நானே சொல்லிக்கொண்டால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். இங்கே வேறொருத்தர் வந்து நீ இருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் பாவம், மோரைக் குடித்துவிட்டு, "இவ்வளவு பெரிய காட்டுல நீங்களும் அந்தப் பேராச்சியம்மாவும் ரெண்டே பேரு எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டது. ரெண்டு பேர் இருக்கலாம் என்றேன். அன்றைக்கு அதைச் சொன்னபோது ஒன்றும் தோன்றவில்லை.

இவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில் வடக்கே போனார். இங்கே தண்ணீர் இல்லையென்று போனவர் ஊர் ஊராகப் பூமியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும். முதலில் வருஷத்துக்கு ஒரு தடவை சித்திரைப் பொங்கலுக்கு வந்தார். மெயின்ரோட்டுக் கடைக்குப் போன் போட்டுக் கூப்பிடச் சொல்வார், நான் ஓடுவேன், மூச்சு வாங்க ஹலோ என்பேன், அந்தப் பக்கம் எந்திரம் ஓடுகிற சத்தம்தான் கேட்கும், சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன் என்பேன், அவ்வளவுதான். வைத்துவிடுவார். வருகிற வழியெல்லாம் இதைக் கேட்டிருக்கலாம் அதைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு நானே பேசிக்கொண்டு வருவேன். அப்புறம் போன் நின்றது. வண்டி முதலாளியிடம் கேட்டால் கணக்கு முடித்துவிட்டுப் போய்விட்டார் என்றான். போனவர் செத்தாரா என்றால் செத்த செய்தி இல்லை. சந்தையில் சீனிராஜ் அண்ணாச்சியைப் பார்த்தேன், அவர் லாரி ஓட்டுகிறவர், நாலு தேசம் சுற்றுகிறவர். "தளவாயை நாக்பூர்ப் பக்கம் டீக்கடையில பாத்தேன், தாயி. நல்லாத்தான் இருக்கான். கூட ஒரு" என்று சொல்லி நிறுத்தினார். டீயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஊதி ஊதிக் குடித்தார். அந்த டீ அவ்வளவு சூடாக இருந்திருக்காது. கூட ஒரு என்ன என்று நான் கேட்கவில்லை. பருத்திக்கொட்டை என்ன விலை என்று கேட்டேன். கூட ஒரு ஆள். கூட ஒரு பை. கூட ஒரு நாய், இவருக்கு நாய் என்றால் பிடிக்கும், சின்ன வயதில் செவலை ஒன்று வைத்திருந்தாராம். ராத்திரி படுத்தால் அந்த வார்த்தை வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். கூட ஒரு, கூட ஒரு. புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் வரும். நாய்தான் என்று முடிவு பண்ணிவிட்டுத் தூங்குவேன். காலையில் எழுந்தால் அண்ணாச்சி நாயென்றால் நாயென்று சொல்லியிருப்பாரே என்று தோன்றும். அவரும் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த வாக்கியத்தை முடிக்காமலே. கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால் அடுத்த சித்திரைக்குக் கையைத் திறந்து போட முடியாது என்று பயந்தேன், அதுதான் நிஜம். போடுகிறவரைக்கும் அவர் இந்த ஊர் ஆள். அவர் இந்த ஊர் ஆளாக இருக்கிறவரைக்கும் நான் இங்கே இருக்கிறதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏன் இன்னும் அந்தக் காட்டில் கிடக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு, அவுக வந்து தேடுவாகல்லா என்று சொல்லலாம். சொல்லிச் சொல்லி அது பழகிவிட்டது, செருப்பு பழகுகிற மாதிரி.

அதைத்தான் பேராச்சி இன்றைக்குத் தொட்டாள். அவளுக்கு உண்டான பிடியை நான் போட்டுவிட்டு, இவருக்கு அள்ளப் பெட்டிக்குள் கையை விடுகிறேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, இந்த வருசம் பெரியத்தானுக்குப் போடாத. விட்டுரு. விட்டுட்டு எங்கூட வந்துரு. இசக்கி சொல்லிட்டான், பெரியம்மையையும் கூட்டிட்டு வாம்மான்னு. ரெண்டு பேரும் ஒரு ரூம்புல கிடப்போம்." கெட்ட வார்த்தையா அது. வாஞ்சையாகத்தான் சொன்னாள். மருமகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள், அவள் போயாக வேண்டும், என்னை விட்டுவிட்டுப் போக மனசில்லை, அதைச் சொல்லத் தெரியாமல் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஒனக்கென்னட்டி. ஒம் புருசன் மாசியில செத்தான், சித்திரையில கையத் தொடச்சிட்டு நின்ன. விடுறது ஒனக்கு லேசு" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள். பேராச்சியா இது, ஒன்றுக்கு ஒன்பது சொல்லுகிறவள். செம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்து போனாள். அந்தச் சித்திரையில் அவள் இந்த உடைமரத்தைப் பிடித்துக்கொண்டு எப்படி நின்றாள் என்று பார்த்தவள் நான்தான். என்னைத் தவிர வேறு யார் பார்த்தார்கள். தெரிந்துகொண்டே அதிலேயே குத்தியிருக்கிறேன். இத்தனை வருஷமாக எனக்குப் பிடி போட்டவள் அவள். இவர் வராமல்போன முதல் சித்திரையில் என் பேரைக் கூப்பிட்டபோது யார் போடுவது என்று எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், பேராச்சி இடுப்பில் பிள்ளையோடு வந்து, "எங்கக்காவுக்கு நாந்தான்" என்று போட்டாள். சின்னக் கை அவளுக்கு, நிஜமாகவே சின்னக் கை, அதனால் இரண்டு தடவை அள்ளிப் போட்டு ஒன்று என்பாள். இப்போது உள்ளே சத்தம் இல்லை. பெட்டியைப் பூட்டிவிட்டாளா. அழுகிறாளா. எழுந்து போய்க் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும். தீயை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, நல்லவேளை. நல்லவேளை என்ன நல்லவேளை, வீம்புக்கு வழக்கம் ஒரு சாக்கு.

சோறு வாசம் வருகிறது. பேராச்சியுடைய பிடி வெந்துகொண்டிருக்கிறது. மாரை இழு, இன்னும் இழு. வெயில் பானைமேல் பட்டுக் கண்ணைக் குத்துகிறது, தண்ணீர் வற்றினால் அடிப்பிடிக்கும், இன்னொரு செம்பு ஊற்றலாமென்றால் இல்லாத ஆளுக்கு ஊற்றின கணக்காகிவிடும். அடுத்த வருஷம் என்ன செய்வேன். நன்றாக யோசித்துப் பார், ஆவுடை. அடுத்த வருஷம் நீ இங்கே வந்து பானையை ஏற்றுவாய். தண்ணீர் ஊற்றுவாய். தளவாய்க்கு ஒரு பிடி போடுவாய். உனக்குப் போட ஆள் இருக்காது. ஆக இங்கே இல்லாதவருக்குச் சோறு பொங்கும், இங்கே இருக்கிற நீ பானையில் இருக்க மாட்டாய். உன் கையால் மஞ்சள் பூசி, உன் கையால் தீ மூட்டி, உன்னை விட்டுவிட்டு ஊர் பொங்கும். தனியாகச் செத்துக் கிடப்பது பற்றி எனக்குப் பயமில்லை, அதெல்லாம் ரேஷன் கடையில் இரண்டு மாசம் ஆளைக் காணோமென்றால் வந்து பார்ப்பார்கள். இது வேறே பயம். உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போவது. இப்போதே போட்டுக்கொண்டால் என்ன. யார் பார்க்கப் போகிறார்கள். கோழி பார்க்கும். இடது கை சும்மாதானே இருக்கிறது, பெட்டிக்குள் விடு, அள்ளு. அள்ளிவிட்டேன். அரிசி குளிர்ச்சியாக இருக்கிறது. கை பெருக்கிறதா என்று பார்க்கிறேன். பெருக்கத்தான் செய்கிறது, எவ்வளவு அள்ளியிருக்கிறேன் பார், விரல் மூடவில்லை, மாமியார் எனக்குப் போட்டதைப்போல் பத்து மடங்கு. பஞ்சத்தில் வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை, தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியிலேயே திருப்பிக் கொட்டிவிட்டேன். வடக்குக் கல் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஆரன்.

ஒரு தடவை. இன்னொரு தடவை, நீளமாக. தார் ரோட்டிலிருந்து இங்கே வரும்போது அந்தச் சத்தம் மெலிந்து, ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது. கதவைச் சாத்துகிறாள். பூட்டுகிறாள். பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், இந்த ஊரில் எந்தக் கள்ளனுக்கு என்ன வேண்டுமென்று பூட்டு. நான் தீயைப் பார்க்கிறேன். திரும்ப மாட்டேன். போகிற காலடிச் சத்தத்துக்கும் வருகிற காலடிச் சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும், இத்தனை வருஷம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முள் மிதிபடுகிறது. செருப்பு நிற்கிறது. செருப்பைக் கழற்றினால் வருகிறாள் என்று அர்த்தம். கழற்றினாளா. மூச்சு விடாதே. தகரப்பெட்டி தரையில் வைக்கப்படுகிறது. செம்பை எடுத்துக் கை கழுவுகிற சத்தம்.

பேராச்சி எனக்கெதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் நார்ப்பெட்டிக்குள் கையை விட்டாள். "எங்கக்காவுக்கு" என்று சொல்லிப் போட்டாள். அந்தச் சின்னக் கையால் இரண்டு தடவை. மறுபடியும் கையை விட்டாள்.

"அது யாருக்குட்டி?" என்றேன்.

"ஒனக்குத்தான். அடுத்த வருசத்துக்கு."

"அடுத்த வருசத்துக்கு இந்த வருசமேவா? எந்த ஊருல வழக்கம் இது?"

"இந்த ஊருலதான். நான் இருக்குத வரைக்கும் நானும் இந்த ஊருதான?" போட்டாள். இன்னும் ஒன்று அள்ளினாள். "இது அதுக்கு அடுத்த வருசத்துக்கு." அரிசி பாதி அடுப்பில் விழுந்து பொரிந்தது. "எத்தன போட்டா ஒனக்குப் போதும், சொல்லு. சொல்லித் தொலை. எல்லாத்தையும் போட்டுட்டுப் போறேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், இடது கையால். காலையில் அவள் என்னைப் பிடித்த மாதிரியே. ஆரன் மறுபடி கேட்டது.

"எட்டி, நான் அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது."

"நீ என்னைக்குத்தான் சொல்லாம இருந்த. அத விடு." மூக்கைச் சிந்தினாள். "பெரியத்தானுக்குப் போட்டுட்டியா? போடணும்னா போடு. நான் ஒண்ணும் சொல்லல. போடு, இருந்து பாத்துட்டுப் போறேன்."

வலது கையைத் தூக்கினேன். விரல் மரத்துப்போயிருந்தது, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பானைமேல் கொண்டுபோனேன். ஆவி அடித்தது. பேராச்சி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முந்தியை இழுத்து என் மடியில் விரித்து, கைக்குள் இருந்ததை அதில் கொட்டினேன். வேர்வையில் அரிசி ஒன்றோடொன்று ஒட்டி, பிடித்த வாக்கிலேயே விழுந்தது. முடிச்சுப் போட்டேன். இறுக்கி, இன்னொரு முடிச்சும் போட்டேன்.

"இதைக் கொண்டு போ. அங்ஙன கேஸ் அடுப்போ என்ன எழவோ, சித்திரைக்கு நீ பொங்கும்போது எனக்கு இதுலருந்து போடு. தீந்துபோனா வேற அரிசியில போடு. போடணும், ஆமா."

அவள் முடிச்சைப் பிடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப பெரியத்தானுக்கு?"

"அவுகளுக்குப் போட எங்கயாவது ஒருத்தி இருப்பா" என்றேன்.

சொல்லிவிட்டேன். சொல்லும்போது பானை கொதிக்கிற சத்தம் நின்ற மாதிரி இருந்தது, நிற்கவில்லை. பேராச்சி என் தலையைப் பிடித்து அவள் தோளில் வைத்துக்கொண்டாள். சேலையில் பூச்சி உருண்டை வாசம் அடித்தது. வாயேன் என்று அவள் மறுபடி கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். ஒரு நாள் கூப்பிடாமலே போய் நின்றாலும் நிற்பேன், அதுவும் அவளுக்குத் தெரியும். அப்புறம் எழுந்தாள், தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள், முடிச்சு இருந்த முந்தியை இடுப்பில் செருகினாள். கோழிக்குத் தண்ணி வை என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அப்படியே இருந்தேன்.

தீயை நன்றாக உள்ளே தள்ளினேன். இனி எதற்கு மெதுவாக வேக வேண்டும். உள்ளங்கையில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது, ரேகையில் பதிந்துபோய். உதறினேன், விழவில்லை. இடது கை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் பானைக்குள் போட்டேன். அது யாருக்கு என்று நான் சொல்லவில்லை. அம்மனும் கேட்கவில்லை.